பல்லாவரம் முதல் மாமல்லை வரை: பனியும் பறத்தலும்

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஏஞ்செலிஸுக்கு 1910-இல் பறக்கும் ஆசை பிடித்தது. பிரான்சின் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. டி ஏஞ்செலிஸ் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். கோச்சு வண்டிகளுக்குப் பேர்போன சிம்ப்சன் கம்பெனி அதைக் கட்டிக்கொடுத்தது. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துத் தேறிய பிறகு, தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு சென்னைவாசிகளுக்கும் பறந்து காட்டினார்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கல்பட்டின் வடகோடியில் இருக்கிறது அந்தப் பல்லாவரம். இந்த வட்டாரத்து வானின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அன்று விமானிக்குக் கண்ணை விட்டால் வேறு துணை இல்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் கிளம்பிப் பம்பாய் வரை தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தச் சிறு விமானங்களில் ரேடியோ கிடையாது. கீழே ஆறும் ரயில் பாதையும் தெரிந்தால்தான் வழி தெரியும்.

அந்தக் கண்ணை மறைக்க இங்கே ஒரு பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் மதுராந்தகம் ஏரி, கொளவாய் ஏரி எல்லாம் நிறைந்து கிடக்கும்; மண்ணும் ஈரமாக இருக்கும். இரவில் வானம் வெளுத்து, காற்றும் அடங்கினால் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, ஈரம் துளிகளாகித் தொங்கும். விடிவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்வது இதனால்தான். வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

போகியன்று இதனோடு புகையும் சேரும். பனி தங்குவதற்குப் புகைத்தூசி இடம் தரும். தரையருகே குளிர்ந்து கிடக்கும் காற்றோ புகையை மேலே போக விடாது. 2018 ஜனவரி 13, போகி காலையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை மறைந்தது. மணிக்கணக்கில் சேவை முடங்கியது. வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ரேடாரும் தரையிறக்கும் கருவிகளும் வந்து பல காலம் ஆன பிறகும், ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்ற கணக்கே அன்று முடிவு செய்தது.

விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. வளாகத்தில் காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்களில் மனம் பறிகொடுத்துத்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியலை எடுத்தார். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த அதே வளாகத்தில் ஆளில்லா விமானங்கள் உருவாயின. அங்கு உருவான ‘தக்‌ஷா’ குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்ததால் செய்தி பட்டிதொட்டியெங்கும் போனது.

ட்ரோனுக்கான சட்டமும் பழைய விமானியின் பாடத்தையே பிடித்துக்கொண்டது. 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த விதிகளின்படி பகலில் மட்டுமே பறக்கவிட முடிந்தது. தரையில் 5 கிலோமீட்டர் தூரமாவது தெரிய வேண்டியிருந்தது. மேகம் 450 மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது என்றும் இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்து, வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்தன. பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி எழும்பவே கூடாது. ஆகவே, விமானம் முதலில் எழும்பிய பல்லாவரத்தில் இன்று ஒரு சிறு ட்ரோனை எழுப்பவும் அனுமதி வேண்டும்.

குளிர் ட்ரோனை இரண்டு வகையில் கெடுக்கும். உறைநிலைக்குக் கீழே போகும் இமயமலையில் லித்தியம் பேட்டரியின் வேதிவினை மந்தமாகி, மின்னழுத்தம் திடீரென்று சரியும்; ஈரமும் சேர்ந்தால் இறக்கையில் பனிக்கட்டி படிந்து தூக்குவிசை குறையும். செங்கல்பட்டுக் குளிருக்கு அந்த அளவு கடுமை இல்லை. இங்கே ஈரம்தான் எதிரி. நுண்துளிகள் லென்ஸில் படியும், மோட்டாருக்குள்ளும் மின்சுற்றுக்குள்ளும் இறங்கும். தடையைப் பார்த்து விலகும் கேமராக்களுக்கு எங்கும் வெள்ளையாகவே தெரியும். ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்யும். அதை நம்பி ‘வீட்டுக்குத் திரும்பு’ பொத்தானை அழுத்தினால், நடுவில் பனைமரமோ மின்கம்பியோ இருப்பது அதற்குத் தெரியாது.

மாமல்லபுரம் கரையில் உப்புக் காற்றும் சேர்ந்து மோட்டாரின் பேரிங்கை அரிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள் நிற்கின்றன. கல்பாக்கத்திலிருந்து உயரழுத்த மின்தடங்கள் போகின்றன. அங்குள்ள அணுமின் நிலையத்தின் மேல் பறக்கத் தடை உண்டு. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் மேலிருந்து படமெடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

மார்கழிச் சூரிய உதயத்தைப் பனியோடு படம்பிடிக்க ஆசைப்படுபவர்கள் முதல் நாளே அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ ட்ரோன் வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். கரையில் நின்று, ட்ரோன் போகவிருக்கும் தூரத்தில் ஒரு மரமோ படகோ கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.