மாட்டுவண்டியில் போன ஆப்பிள்

அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு மாட்டுவண்டி, அது மேல ஒரு செயற்கைக்கோள். "ஏழை நாட்டுக்கு எதுக்குய்யா ராக்கெட்?"னு கேட்கறவங்களும் அதைத்தான் காட்டுவாங்க. "அன்னிக்கு எப்படி இருந்தோம், இன்னிக்கு எப்படி!"ன்னு புல்லரிக்கறவங்களும் அதையேதான் காட்டுவாங்க. ரெண்டு தரப்புமே வண்டியை வறுமையோட அடையாளமா எடுத்துக்கறாங்க. விஷயம் அது இல்லைங்க.

வண்டியில இருந்தது ஆப்பிள். அதோட ஆண்டெனாவைத் திறந்தவெளியில சோதிக்கணும். லாரியில ஏத்தினா ரேடியோ அலைகள் அந்த உலோகத்துல பட்டுத் தெறிச்சு, கணக்கு தப்பாயிடும். மரவண்டியில அந்தத் தொல்லை இல்லை. லாரிக்கு வழியில்லாம இல்லை, லாரி வேண்டாம்னுதான் வண்டி!

சரி, கதைக்கு வருவோம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பு ஏரியான் ராக்கெட்டை உருவாக்கிட்டிருந்த நேரம். சோதனைப் பயணங்கள்ல இலவசமா இடம் தர்றோம்னு அறிவிச்சாங்க. இஸ்ரோ விண்ணப்பிச்சது, இடமும் கிடைச்சது. 'ஏரியான் பாசஞ்சர் பேலோடு எக்ஸ்பெரிமென்ட்' என்பதன் சுருக்கம்தான் ஆப்பிள். ஆனா ஓசி டிக்கெட்டில் ஆபத்தும் உண்டே. 1980 மே மாசம் ஏரியானின் இரண்டாவது பயணம் தோல்வி. ஆப்பிளுக்குக் கிடைச்சது மூணாவது :-)

பெங்களூரு பீன்யாவில், தொழிற்பேட்டைக் கொட்டகைகள்ல உருவானது இது. திட்ட இயக்குநர் நம்ம ஆர்.எம்.வாசகம். பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தாரே, அவரேதான்.

எடை 670 கிலோ. 1.2 மீட்டர் உயர உருளை, 0.9 மீட்டர் ஆண்டெனா, சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர் இரண்டு. மின்சக்தி 210 வாட், அதாவது 60 வாட் குண்டு பல்பு மூணரை எரியற அளவு. ஏரியான் நீள்வட்டப் பாதையில விட்டுட்டுப் போயிடும். அங்கேர்ந்து சுமார் 36,000 கி.மீ. உயர வட்டப்பாதைக்குத் தள்ள, எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நாலாவது அடுக்கு மோட்டாரையே மாத்தி அமைச்சுப் பொருத்தினாங்க.

1981 ஜூன் 19. பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் கிளம்பிச்சு. இந்த முறை ஏமாத்தலை. ஆனா மேலே போனதும் சோதனை வேற ரூபத்துல வந்தது. இரண்டு சூரியப் பலகைகள்ல ஒண்ணு விரியவே இல்லை! போய் ரிப்பேர் பண்ற தூரமா அது?

அவங்க கைவிடலை. இருக்கிற மின்சாரத்தை வெச்சே, கிழக்கு 102 டிகிரியில நிறுத்தி, இரண்டு வருஷத்துக்கு மேல வேலை வாங்கினாங்க. டிவி ஒளிபரப்பு, வானொலி இணைப்பு, ஏன், கம்ப்யூட்டர்களை இணைக்கிற பரிசோதனைகூட நடந்தது. 1982-ல் தபால்தலை வந்தது. 1983 செப்டம்பரில் ஓய்வு.

இதனால என்ன லாபம்? அமெரிக்காவில் செய்து வாங்கின இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் போய், சில மாசத்துலயே செயலிழந்துபோச்சு. காசு கொடுத்து வாங்கினாலும் உத்தரவாதம் கிடையாது. 1992-ல் இன்சாட்-2ஏவை நாமே செஞ்சு அனுப்பினோம். புவிநிலைச் சுற்றுப்பாதையில ஒரு செயற்கைக்கோளைக் கொண்டுபோய் நிறுத்தி வேலை வாங்கற பாலபாடம் ஆப்பிள்ல படிச்சது.

அடுத்த தடவை அந்த போட்டோவை யாராவது காட்டினா, பரிதாபப்படாதீங்க. அது வறுமை இல்லை, சமயோசிதம்னு சொல்லுங்க.