நள்ளிரவில் உண்ண வருவோர்: சத்திரம் முதல் ஸ்காபரோ வரை

இரவு பதினொரு மணிக்குப் பின் ஸ்காபரோவில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற கேள்வியை அற்பமானதென அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். வீட்டில் சோறும் கறியும் மூடி வைத்துக் காத்திருக்க ஒருவர் உள்ளவருக்கு அது ஒரு கேள்வியே அன்று. ஆனால் தொழிற்சாலையில் பிந்திய முறை வேலை முடித்து வருபவருக்கும், வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் தாய்மாருக்கும், நிலக்கீழ் அறையில் தனியே வாடகைக்கு இருக்கும் மாணவருக்கும் அது அன்றாடம் எழும் கேள்வி. இந்தக் கேள்வி நமக்குப் புதியதுமன்று. தமிழ் மக்கள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக இதற்கு விடை கண்டு வந்திருக்கின்றனர். அந்த விடைகளை நினைவுபடுத்தி, இந்நகரில் நாம் கண்ட விடையையும் அதனுடன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மதுரை. பத்துப்பாட்டில் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சியை மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனை முன்னிறுத்திப் பாடினார். அந்நகரில் பகற்கடைகளாகிய நாளங்காடியும் இரவுக்கடைகளாகிய அல்லங்காடியும் தனித்தனியே இருந்தமையை அந்நூலால் அறிகிறோம். இரவின் யாமங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் புலவர், தேனடை போன்ற மெல்லிய அடையும், இனிப்புப் பூரணம் வைத்த மோதகமும் விற்கும் வணிகர் தம் பண்டங்களோடு இருந்தபடியே தூங்கி வழிவதையும் மறவாமல் குறிப்பிடுகிறார். பிந்தி வருபவன் எழுப்பிக் கேட்டால் உண்ண ஏதோ கிடைத்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். மதுரையைத் தூங்கா நகரம் என்று இன்றும் மக்கள் அழைப்பது சும்மா அன்று.

கையிற் காசுள்ளவனுக்கு அங்காடி உண்டு. காசில்லாதவனுக்கு? இதற்கு விடை மணிமேகலையில் உள்ளது. பௌத்த காப்பியமாயினும் அது நமது பொதுச் சொத்து. மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கியிருந்த ஆபுத்திரன், பகலெல்லாம் வீடுவீடாக இரந்து பெற்ற சோற்றைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் ஆகியோருக்குக் கொடுத்து, மிஞ்சியதைத் தான் உண்டு வந்தான். மழை பெய்யும் ஓர் இருண்ட நள்ளிரவில் வழிப்போக்கர் சிலர் பசியென்று வந்து நின்றனர். அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அவன் கலங்கி நின்ற அந்த வேளையிலேதான் சிந்தாதேவி தோன்றி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள். அந்தப் பாத்திரமே பின்னர் மணிபல்லவத்தில் மணிமேகலையின் கைக்கு வந்தது. மணிபல்லவம் நமது நயினாதீவே என்பர் அறிஞர் சிலர். அமுதசுரபி பகற்பந்தியில் வழங்கப்பட்டதன்று. அகாலத்தில் வந்தவர்களுக்காக வழங்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பெரிய புராணத்திலும் இதே காட்சியைக் காண்கிறோம். இளையான்குடி மாற நாயனார் செல்வமெல்லாம் போய் வறுமையுற்றிருந்த காலத்தில், மழை இரவொன்றில் அடியார் ஒருவர் வந்தார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று வயலில் விதைத்த முளைநெல்லை இருட்டிற் போய்த் தடவி வாரிக் கொண்டுவந்தார் நாயனார்; அதை வறுத்துக் குத்தி அரிசியாக்கினார் மனைவியார். விறகில்லாமற் கூரைக் கொம்புகளை அறுத்து அடுப்பில் வைத்தனர். நாளை என்ற ஒன்றையே அந்த இல்லத்தார் அடுப்பிலிட்டனர் எனலாம்.

இவை இலக்கியம்தானே என்பார்க்கு வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று தரலாம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரைப் பாதையில் பல சத்திரங்களைக் கட்டினர். ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் அமைத்தது. 1799இல் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனபோது, சத்திரங்களும் போய்விடுமோ என அஞ்சிய மன்னர், 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் அக்காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த வகுப்பார் வரை, வரும் வழிப்போக்கர் யாவருக்கும் அங்கே சோறு உண்டு. நோயுற்றோருக்கு வைத்தியரும் மருந்தும் உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. உணவு வழங்குவது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் இருந்தால் வந்து உண்ணுக என்று அறிவிக்கப்படும். இவ்வாறு விளக்கி, இந்த அறம் நின்றுபோகாதிருக்க வேண்டுமென அவர் மன்றாடினார். நாட்டை இழந்த மன்னன், அந்த மணி ஓயாதிருக்க வேண்டுமென்று கேட்டது சிந்திக்கத்தக்கது.

இனி நாம் வாழும் நகருக்கு வருவோம். ரொறன்ரோ நெடுங்காலம் நேரத்தோடு கதவடைக்கும் நகரமாகவே இருந்தது. 1906இல் கனடிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஞாயிறு ஓய்வுச் சட்டம், அந்நாளில் வணிகத்தையும் கேளிக்கையையும் பெரும்பாலும் தடை செய்தது. 1985இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்த்தது. ஒன்ராறியோவில் ஞாயிற்றுக்கிழமைகளிற் கடை திறப்பது 1992இலேயே பொதுவாக அனுமதிக்கப்பட்டது. மதுச்சாலைகள் இரவு ஒரு மணிக்கு மூடவேண்டுமென்ற விதி 1996இல் இரண்டு மணியாகத் தளர்ந்தது. இத்தகைய நகரின் கிழக்குப் புறத்திலே அமைந்ததுதான் ஸ்காபரோ. 1793இல் இங்குள்ள வெண்பாறைக் கரையைக் கண்ட எலிசபெத் சிம்கோ அம்மையார் இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து இப்பெயரை வைத்தார். 1967இல் பரோவாகவும் 1983இல் நகரமாகவும் உயர்ந்த அது, 1998 சனவரி முதலாம் நாள் ரொறன்ரோவுடன் இணைந்தது. கார் வைத்திருப்பவருக்கென்றே அமைந்த ஊர் அது. வீடுகள் ஒருபுறம், தொழிற்சாலைகள் மறுபுறம், இடையே அகன்ற வீதிகளும் அவற்றின் ஓரத்தில் வரிசைக் கடைகளும். நடந்துபோய் ஒரு பிடி சோறு உண்ண அங்கே இடமிருக்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் எம்மவர் பெருந்தொகையாக இந்நாட்டுக்கு வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீனவரால் மீட்கப்பட்டதை மறந்தவர் இரார். வந்தவர்களிற் பலர் முதலில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்து, பின்னர் ஸ்காபரோவுக்கு நகர்ந்தனர். படித்தவர், படியாதவர் என்ற வேற்றுமையின்றி அவர்களிற் பலருக்குக் கிடைத்தது உணவகங்களிற் கோப்பை கழுவும் வேலை. கோப்பை கழுவியவர் காய்கறி வெட்டுபவராகி, பின் சமையற்காரரும் ஆனார். நகரின் நடுவே பெயர்பெற்ற எத்தனையோ இத்தாலிய, பிரெஞ்சு உணவகங்களின் அடுப்படியில் நின்றவர் யாழ்ப்பாணத்து இளைஞர்களே. நகரத்தார் பிந்தி உண்ண அவர்கள் சமைத்தார்கள். அடுப்பணைத்து, நிலம் கழுவி, வெளியே வந்தபோது அவர்கள் உண்ண ஓரிடமும் திறந்திருக்கவில்லை.

சுரங்க ரயில் இரவு ஒன்றரை மணியளவில் நின்றுவிடும். 1987இல் ‘புளூ நைட்’ என்ற பெயருடன் இரவுப் பேருந்துகள் வலைபோல் அமைந்தன. அவை பெரும்பாலும் அரை மணிக்கொன்றாக வரும். பனிக்காலத்தில் அந்த அரை மணி நெடியது. அவ்வேளையில் ஒளி தெரிந்த இடம் டோநட் கடைதான். ஹொக்கி வீரர் ரிம் ஹோர்ட்டன் பெயரில் 1964இல் ஹமில்ட்டனில் தொடங்கிய கடை நாடெங்கும் பரவியிருந்தது. ஒரு கோப்பை கோப்பியை வாங்கிக்கொண்டு அங்கே இருக்கலாம். யாரும் எழும்பச் சொல்வதில்லை. எத்தனையோ அகதி மனுக்களும் சீட்டுக் கணக்குகளும் கல்யாணப் பேச்சுகளும் அந்த மேசைகளிலேதான் நடந்தன. ஆயினும் மாவும் சீனியும் கலந்த அந்தப் பண்டம் சோறாகிவிடுமா?

சோற்றைத் தந்தவர்கள் எமது சிறு கடைக்காரர்களே. வரிசைக் கடைகளில் வாடகை குறைந்த ஒரு மூலையைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல், மரக்கறி, ரோல்ஸ், வடை என்று அடுக்கி வைத்தார்கள். மேசை நாற்காலி அதிகமில்லை. நிறுத்துப் பார்சல் கட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. மட்டக்களப்புப் பகுதியிலே தோன்றியதாகப் பரவலாகச் சொல்லப்படும் கொத்து ரொட்டியும் அவர்களோடு வந்தது. இரும்புத் தட்டில் இரு தகடுகள் தாளமிடும் அந்த ஓசை கேட்டால், கடை இன்னும் பூட்டவில்லை என்று பொருள். ஊரடங்குச் சட்டத்தில் இரவை இழந்துவிட்டு வந்த தலைமுறைக்கு அந்த ஓசை எத்தகைய ஆறுதல் என்பதை அனுபவித்தவரே அறிவர்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நாம் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் எல்லோரும் நுழைய இயலாத காலம் ஒன்றிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது. ஸ்காபரோவின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னே வரிசையில் நிற்பவரிடம் ஊரென்ன, குலமென்ன என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை இடியப்பம் என்றுதான் கேட்கிறார்கள். இது சிறிய சாதனை அன்று.

இவ்வகையில் நாம் மட்டும் பாடுபட்டோம் என்று எண்ணுவதும் தவறு. அஜின்கோர்ட்டில் 1984இல் டிராகன் சென்டர் என்ற சீன வணிக வளாகம் திறந்தபோது, கார்கள் நெரிசலாகின்றன என்று தொடங்கிய முறைப்பாடு இன வெறுப்புப் பேச்சாக மாறியது. அவர்கள் பொறுத்து நிலைத்தார்கள். இன்று ஷெப்பேர்ட், மிட்லண்ட் பக்கம் சீன உணவகங்களும், லோறன்ஸ் கிழக்கில் வெக்ஸ்போர்ட் பகுதியில் அரபு நாட்டவரின் ஷவர்மாக் கடைகளும், மார்க்கம் வீதி, எல்ஸ்மியர், பிஞ்ச் பக்கங்களில் எமது கடைகளும் பசித்தவனை வரவேற்கின்றன. 2015இல் இங்கு வந்த அமெரிக்கப் பொருளியலறிஞர் டைலர் கோவன், தாம் கண்ட புறநகர்களுள் பல்லின உணவுக்குச் சிறந்தது ஸ்காபரோவே என்று எழுதினார். பூட்டும் நேரம் கடைக்குக் கடை வேறுபடுவதால் பெயர்ப்பட்டியல் தரவில்லை. போகுமுன் தொலைபேசியில் விசாரிப்பது நன்று.

மருத்துவன் என்ற முறையிற் சில சொற்கள். இன்சுலின் பிறந்த நகரம் ரொறன்ரோ. 1922 சனவரியில் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலிற் செலுத்தப்பட்டது. அதே மாகாணத்தில் 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் குடியேறியோரைவிடத் தெற்காசியாவிலிருந்து குடியேறியோருக்கு நீரிழிவு மூன்று மடங்குக்கு மேல் எனக் கண்டது. காலையில் உண்பதையே நள்ளிரவில் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். உடல் அவ்வேளை ஓய்வுக்கு ஆயத்தமாகிவிடுவதே காரணம். ஆகவே இரவு வேலைக்காரர் முக்கிய உணவை வேலைக்கு முன்னரே உண்டு, நடுவில் இலேசாக உண்பது நலம். கொத்து ரொட்டியை இருவர் பகிர்ந்து கொள்ளலாம். உண்டவுடன் படுத்தால் நெஞ்செரிவு வரும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்போர் உணவைத் தவறவிட்டு வாகனம் ஓட்டுவது ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பிந்தி உண்பதினும் உண்ணாதிருப்பதே அவர்களுக்குப் பெருங்கேடு. என்னிடம் வரும் இரவுப் பணியாளரிடம் என்ன உண்டீர்கள் என்பதற்கு முன், எத்தனை மணிக்கு, யாரோடு உண்டீர்கள் என்றே கேட்கிறேன். தனியே, காருக்குள் என்ற விடையே அதிகம் வருகிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் உணவகங்களின் மேசைகள் மூடப்பட்டபோது, பார்சல் கட்டும் எமது கடைகள் அடுப்பணைக்கவில்லை. தொழிற்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய்த் தீரவேண்டியிருந்தவர் அவற்றாலேயே உண்டனர். ஆனால் அதன் பின் விலைவாசி ஏறியது. 1983இல் தொடங்கிய டெய்லி பிரெட் உணவு வங்கி, ரொறன்ரோவாசிகளிற் பத்தில் ஒருவர் உணவு வங்கிகளை நாடுவதாக 2023இல் அறிவித்தது. கடை திறந்திருக்கிறது, கையிற் காசில்லை என்ற நிலைக்கு மாணவரும் புதிதாக வந்தோரும் வந்துவிட்டனர். மதுரையின் அல்லங்காடி மட்டும் போதாது, ஆபுத்திரனின் அம்பலமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கோயில்களில் அன்னதானம் பெரும்பாலும் நண்பகலில் நடக்கிறது. அது நல்லது. ஆனால் நண்பகலில் வர இயலாதவனே மிகவும் பசித்தவன். வாரத்தில் ஓர் இரவாவது, பிந்திய வேலை முடிந்து வருவோருக்கென ஒரு பானை சோறும் சாம்பாரும் வைக்கச் சங்கங்கள் முன்வரலாம். கடைக்காரர்கள் பூட்டும் வேளையில் மிஞ்சியதை வீசாமல் கொடுக்க ஓர் ஒழுங்கு செய்யலாம். நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டிருப்போர், அங்கிருக்கும் பிள்ளை சாப்பிட்டதா என்று ஒரு தரம் விசாரிக்கலாம். அமுதசுரபி நம்மிடம் இல்லை. ஆனால் சத்திரத்து மணியை அடிக்கத் தெய்வ அருளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; இன்னும் உண்ணாதவர் உண்டா என்று கேட்க ஒருவர் விழித்திருந்தாற் போதும்.