ஈழத்தலரி வந்த வரலாறு

கண்டி மாநகரில் தலதா மாளிகையை நோக்கிச் செல்லும் அடியவர் கைகளில், தாமரையோடும் நீலோற்பலத்தோடும் சேர்ந்து இன்னொரு மலரும் இருக்கக் காணலாம். வெண்மையான ஐந்து இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மெல்லத் திருகிவிட்டாற் போல அமைந்த மலர் அது. நடுவில் மஞ்சள் பூசியது போன்ற நிறம். மாலைக் காற்றில் நெடுந்தூரம் பரவும் மணம். சிங்கள மக்கள் அதனை அரலிய என்பர். பன்சல் மல், அதாவது விகாரைப் பூ, என்றும் கூறுவர். இலங்கைத் தமிழர் அலரி என்பர். ஆங்கிலேயர் அதற்குக் கோயில் மரம் என்றே பெயரிட்டனர். கொழும்பில் பிரதம மந்திரியின் உத்தியோக வாசத்தலம் அலரி மாளிகை எனப் பெயர் பெற்றதும் இம்மரத்தாலேயே.

மலர் பூசையிற் பௌத்தர் உள்ளத்திற் கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. படைக்கப்பட்ட மலர் வாடுவது போலவே மனிதனின் உடலும் வாடும் என்பதே அது. இக்கருத்தை நாள்தோறும் எடுத்துரைக்கும் மலர்களுள் அலரியும் ஒன்று. கண்டி வாவிக்கரையில் உள்ள மல்வத்தை மகாவிகாரையின் பெயருக்கே பூந்தோட்டம் என்பது பொருள். அத்தகைய நகரில், விகாரை முற்றத்திலும் கோயில் வீதியிலும் மயான ஓரத்திலும் இம்மரம் முதுமை தோன்ற நிற்கும் காட்சியைக் காண்பவர், இது பண்டுதொட்டே இம்மண்ணுக்கு உரியது என எண்ணுவதில் வியப்பில்லை. சீகிரியக் குன்றின் பழைய ஓவியங்களில் மங்கையர் ஏந்தும் மலர்களுள் அலரியும் உண்டு எனச் சொல்வாரும் உளர்.

ஆயினும் தாவர நூலோர் முடிபு வேறு. அலரி இந்நாட்டிற் பிறந்ததன்று, இந்தியாவிற் பிறந்ததுமன்று. அதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் கரிபியன் தீவுகளும் ஆகும். பிரான்சு நாட்டுத் துறவியும் தாவரவியலாளருமாகிய சார்ள்ஸ் புளூமியர் என்பார், 1689 ஆம் ஆண்டு முதலாகக் கரிபியன் தீவுகளுக்கு மும்முறை கடற்பயணஞ் செய்து, ஆங்குள்ள செடிகொடிகளை வரைந்தும் விரித்தெழுதியும் வைத்தார். அவர் நினைவாகவே இம்மரத்தின் இனத்துக்குப் புளூமேரியா என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1753 இல் லின்னேயசு தம் நூலில் அப்பெயரை நிலைநாட்டினார். மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் தம் மொழியில் இதனைக் காக்கைப் பூ என்ற பொருளில் ககலோசோச்சித்தல் என அழைத்தனர். பிலிப்பைன் தீவினர் இன்றும் இதனைக் கலாச்சூச்சி என்கின்றனர். இவ்விரு சொற்களின் ஒப்புமையே, பசிபிக் மாகடலைக் கடந்து சென்ற ஸ்பானியர் கப்பல்களில் பூவும் பெயரும் ஒருங்கே பயணஞ் செய்தன என்பதற்குச் சான்றாகும்.

இனி, அமெரிக்க நாட்டுப் பூக்கள் கண்டி மலைநாட்டை அடைந்தது எக்காலத்தில் என்பதை ஆராய்தல் வேண்டும். அலரிக்கு நேரான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அதன் உடன்பிறப்பெனத் தக்க வேறொரு பூவுக்கு நல்ல சான்று உண்டு. 1660 இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்றார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலிலே, மாலை நான்கு மணியளவில் மலர்ந்து விடியலிற் குவியும் ஒரு பூவைப் பற்றிய செய்தி உள்ளது. வெயில் தோன்றாத நாட்களிற் பொழுதறிவதற்காக மக்கள் அச்செடியைக் காட்டிலிருந்து எடுத்து வந்து தம் தோட்டத்தில் நட்டனர் என்கிறார் நொக்ஸ். அவர் குறிப்பிடும் சிந்திரிக்க மல், தமிழர் அந்திமந்தாரை என அழைக்கும் பூவே. அதுவும் அமெரிக்காவில் தோன்றியது.

இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. போத்துக்கேயர் இலங்கைக் கரையில் முதன்முதல் இறங்கியது 1505 ஆம் ஆண்டிலாகும். அதன் பின் ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழிவதற்குள், அமெரிக்கப் பூவொன்று ஐரோப்பியர் ஆட்சிக்கு உட்படாத கண்டி மலைகளில் ஏறிக் காட்டுச் செடியாகவும் நின்றது; கிராமத்தவருக்கு நாழிகை காட்டியும் உதவிற்று. மன்னனின் காவலர் கணவாய்களிற் கடவை அமைத்து மனிதரைத் தடுத்தனர்; விதையைத் தடுத்தாரில்லை. கிழக்கிந்தியத் தீவுகளின் அம்போய்னாவிலே வாழ்ந்து 1702 இல் மறைந்த ரும்பியசு என்னும் தாவரவியலாளரின் பெருநூலில் அலரியைப் பற்றிய விவரணமும் இடம்பெற்றுள்ளது. ஆகவே 17 ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே இம்மரம் கீழைக் கடல்களை அடைந்துவிட்டது என்பது தெளிவு.

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆறாண்டுகள் கழித்து, 1821 இல், நகருக்கு மேற்கே சில கல் தொலைவில், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் பேராதனையிலே தாவரவியற் பூங்காவை அலெக்சாந்தர் மூன் என்பவர் தொடங்கினார். 1824 இல் அவர் வெளியிட்ட பட்டியல், இலங்கையில் வளரும் உள்நாட்டுத் தாவரங்களையும் வெளிநாட்டுத் தாவரங்களையும் தொகுத்துரைப்பது. அக்காலந் தொட்டுப் பேராதனை ஒரு பெருவாயில் போல விளங்கிற்று. 1839 இல் அசாம் தேயிலை விதை அங்கு வந்தது. 1861 இல் கொயினா மருந்துக்குரிய சிங்கோனா மரம் வந்தது. 1876 இல் றப்பர்க் கன்றுகள் கடல் கடந்து வந்து கம்பகாவை அடுத்த கெனரத்கொடையில் நடப்பட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு. அனுப்பியவர் பெயர் உண்டு. பெற்றவர் பெயர் உண்டு. ஏனெனில் இவை பணம் விளைக்கும் பயிர்கள். பணத்துக்கு நாட்குறிப்பு எழுதுவோர் பலர்; பூவுக்கு எழுதுவோர் சிலரே. ஆகலின் விகாரை முற்றத்தில் முதல் அலரிக் கொம்பை ஊன்றியவர் பிக்குவோ, குடியானவரோ, தூர நாட்டு வணிகரோ, அவர் பெயர் வரலாற்றில் இல்லை.

வரலாறு கூறாததைப் பெயர்கள் ஓரளவு கூறுகின்றன. தமிழ்நாட்டில் அரளி அல்லது அலரி என்பது வேறொரு செடியைக் குறிக்கும். ஆற்றோரங்களில் வளர்ந்து, குறுகி நீண்ட இலையும் இளஞ்சிவப்புப் பூவும் உடையதாய், நஞ்சுமிக்கதாய் உள்ள செடி அது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பால் வடியும். கடல்கடந்து வந்த புதிய மரத்தைக் கண்ட தமிழர், தாம் முன்னறிந்த செடியின் பெயரையே அதற்கு இட்டு, வேறுபாடு தோன்ற ஈழத்தலரி என்றனர். மலையாளத்தாரும் அதனை ஈழச்செம்பகம் என்கின்றனர். இலங்கையிலிருந்து வந்தது என்னும் கருத்து அப்பெயர்களிலே தொனிக்கின்றது. சிங்கள மொழியின் அரலிய என்னும் சொல்லோ தமிழ் அலரியோடு உறவுடையது. ஆகவே ஒரு கரையினர் இம்மலருக்கு ஈழத்தின் பெயரைச் சூட்டினர். ஈழத்தவரோ மறுகரையின் சொல்லால் அதனை அழைத்தனர். ஒருவர் மற்றவர் வீட்டுப் பிள்ளை எனச் சொல்லி வளர்த்த குழந்தை இருவருக்கும் உரியதாய் விட்டது போலும்! இத்தகைய மயக்கம் வேறிடத்தும் உண்டு. 1931 இல் சிங்கப்பூரிலிருந்து ஹவாய்த் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட, மழுங்கிய இலையுடைய அலரி வகை, அங்கே சிங்கப்பூர் அலரி என்றே வழங்குகின்றது. அதன் தாயகமும் கரிபியன் தீவுகளே.

இம்மரம் இவ்வளவு எளிதில் எங்கும் குடியேறியதன் காரணம் அதன் உடலமைப்பிலேயே உள்ளது. தடித்த கிளைகள் நீரைச் சேமித்து வைக்கும். வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டு, மான்கொம்பு போன்ற வெறுங்கிளைகளோடு அது காத்திருக்கும். அந்த வெறுங்கிளை நுனியிலேயே பூங்கொத்துத் தோன்றும். பூத்த நுனியின் கீழே கிளை இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். ஆகவே மரத்தின் கவர்களைப் பார்த்தே அது பலமுறை பூத்த வரலாற்றை ஒருவாறு படித்தறியலாம். வெட்டி வைத்த கொம்பும் மண்ணில் ஊன்றப்படாமலே பூப்பதுண்டு. சாவை வென்ற மரம் என அதனைக் கருதிக் கோயிலிலும் இடுகாட்டிலும் நட்டமைக்கு இதுவே காரணம் என்பர். நீர் அரிதாகிய வறண்ட வலயத்தில் மிகிந்தலைக் குன்றின் நெடிய படிகளுக்கு நிழல் தருவதும், மழை மிகுந்த கண்டியின் பாறைச் சரிவுகளிற் பூச்சொரிவதும் இம்மரமே.

அதனைப் பயிராக்கும் முறையும் எளிது. வேலிக்குக் கதியால் நடுபவர் எவரும் அலரியை நடலாம். தை முதற் பங்குனி வரையுள்ள வறண்ட நாட்களில், பசுமை மாறிச் சாம்பல் நிறம் கொண்ட முதிர்ந்த கிளையில், நுனியோடு சேர்ந்த ஒரு முழத் துண்டை வெட்டி எடுத்தல் வேண்டும். இலைகளைக் களைந்துவிட வேண்டும். வெட்டுவாயில் வடியும் பால் தோலிலும் கண்ணிலும் படாமற் காத்துக்கொள்வது நன்று. பின்பு அதனை உடனே நடாது, நிழலான இடத்தில் ஒரு கிழமையோ இரு கிழமையோ கிடத்தி வெட்டுவாயை உலரவிடல் வேண்டும். இப்பொறுமையே முழுக்கலையும் ஆகும். உலர்ந்த கொம்பை மணல் கலந்த மண்ணில் நான்கு அங்குல ஆழத்தில் ஊன்றி, அசையாதவாறு முட்டுக் கொடுத்து, ஒருமுறை நீர் வார்த்தபின் இலை துளிர்க்கும் வரை மிகச் சிறிதளவே நீர் விடல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். நீரின்றி மடியும் கொம்புகளிலும் நீர் மிகுந்து அழுகும் கொம்புகளே பலவாதலால், கண்டி போன்ற மழைநாட்டிலே நீர் தேங்காத சரிவையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

விதையாலும் அலரியை வளர்க்கலாம். ஆயினும் அது பூக்க மூன்று ஆண்டளவு செல்லும். தாயின் நிறமே பிள்ளைக்கு வரும் என்னும் உறுதியும் இல்லை. அன்றியும் இந்நாட்டிலே அலரி காய்ப்பது அரிது. அதன் பூவிலே தேன் இல்லை. இரவில் மணத்தை வீசி, தேனுண்டெனக் கருதி வரும் அந்துப்பூச்சிகளை ஏமாற்றியே அது மகரந்தம் பரப்பும் இயல்பினது. காய் அரிதாயினமையால் கொம்பு நடுதலே இங்குப் பெருவழக்காயிற்று.

இங்கே ஓர் ஒப்புமை தேவைப்படுகின்றது. அமெரிக்காவிலிருந்தே அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடியும் கண்டிச் சரிவுகளில் உண்டு. அதன் கனியைப் பறவைகள் தின்று விதையை எங்கும் தூவுவதால், தோட்டத்தை விட்டு வெளியேறி, தரிசு நிலங்களையும் காட்டோரங்களையும் கவர்ந்து, நாட்டுச் செடிகளை நெருக்கும் களையாயிற்று. அலரியோ அவ்வாறு செய்ததில்லை. மனிதன் கை நட்ட இடத்தன்றி அது பெரும்பாலும் வேறெங்கும் முளைப்பதில்லை. ஆகவே கண்டியில் நிற்கும் அலரி மரம் ஒவ்வொன்றின் பின்னும், கொம்பு கொடுத்த ஒருவரும் அதனை வாங்கி நட்ட ஒருவரும் இருந்தனர் எனத் துணியலாம். அயல் வீட்டாரிடம் கேட்டுப் பெறுவதும், கேட்டோருக்கு மறாது கொடுப்பதுமாகிய வழக்கமே அம்மரத்தை ஊர்தோறும் பரப்பிற்று. கொம்பு கேட்டவரின் மொழியும் சமயமும் கொடுத்தவருக்குத் தடையானதில்லை.

இம்மலைநாட்டில் மனிதரை வந்தோர் என்றும் இருந்தோர் என்றும் பிரித்து எண்ணிய காலங்கள் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அதனைப் பெற்றனர். தாம் பிறந்த மண்ணிலேயே, வந்த நாளுக்குச் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டோர் அவர்கள். அலரியிடமோ அத்தகைய சான்றை எவரும் கேட்டதில்லை. புத்தர் பெருமானின் பீடத்திலும் முருகன் சந்நிதியிலும் அது ஒன்று போலவே ஏற்கப்படுகின்றது.

மல்வத்தை முற்றத்தில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைக் கூடையிற் பொறுக்கும் சிறுவன் அதன் தாயகத்தை அறியான். அறிந்தபின்னும் அவன் அம்மலரைப் பொறுக்காது விடப்போவதில்லை. வேரூன்றி, நிழல் தந்து, மணம் பரப்பி நிற்கும் மரத்துக்கு அம்மண் உரியது என்பதை அவன் கை முன்னரே அறிந்திருக்கின்றது.