ரெண்டாவது சீட்

1/
நைட் டூட்டி முடிச்சு பைக்கில் வீட்டுக்குப் போகும்போது சிக்னலில் நின்றபடியே கண் அசந்திருக்கிறதா? எனக்கு அசந்திருக்கிறது. அந்தச் சில விநாடிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய பிரெஞ்சு ரேஸ் கார் ஞாபகம் வரும். அதன் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
ரெண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். பாரிஸ் புறநகரில் டால்போ லாகோ என்று ஒரு கார் கம்பெனி. முதலாளி அந்தோனி லாகோ, பிறப்பால் இத்தாலிக்காரர். கையில் காசு குறைவு, கனவு பெரிசு. 1948-ல் கிராண்ட் பிரி பந்தயத்துக்காக 'டி26சி' என்ற காரை இறக்கினார். ஒரே ஆள் உட்காரலாம். நாலு சக்கரமும் மூடாமல் வெளியே நிற்கும். 4.5 லிட்டர், 6 சிலிண்டர்.

3/
அன்றைய விதிப்படி ரெண்டு வழி இருந்தது. சூப்பர்சார்ஜர் வைத்த 1.5 லிட்டர் என்ஜின், இல்லாவிட்டால் சூப்பர்சார்ஜர் வைக்காத 4.5 லிட்டர். முதல் வகை பறக்கும், ஆனால் எரிபொருளைக் குடம் குடமாகக் குடிக்கும். லாகோவின் கார் அவ்வளவு வேகமில்லை. ஆனால் நின்று நிதானமாக ஓடும். 1949 பெல்ஜியம் கிராண்ட் பிரியில் மற்றவர்கள் எண்ணெய் போட நின்றபோது, ஒரு டால்போ நிற்காமலேயே ஓடி ஜெயித்தது. ஓட்டியவர் லூயி ரோசியே. கிளெர்மோன்-ஃபெரோன் ஊரில் கராஜ் வைத்திருந்தவர்.

4/
இங்கேதான் ஒரு யோசனை பிறக்கிறது. நிற்காமல் ஓடுகிற காரை 24 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பினால் என்ன? அதாவது லெ மான். ஆனால் அதில் ஓடுவதற்கு ரோட்டில் போகத் தகுதியான கார் வேண்டும். ஓடுபாதையே 13.492 கி.மீ. நீளமுள்ள பொதுச்சாலைதான். அதன் நீண்ட நேர்கோடு மற்ற நாட்களில் லாரியும் பஸ்ஸும் போகிற தேசிய நெடுஞ்சாலை.

5/
ஆக, கிராண்ட் பிரி காரை 'ரோட்டுக் காரா' மாத்தணும். என்ன பண்ணினாங்க?
சக்கரங்களுக்கு மேல் மெல்லிய மட்கார்டு.
முன்னால் ஹெட்லைட், ஹார்ன்.
உடம்பைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்.
சேஸி, என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ரேஸ் காருடையதுதான். நம்ம ஊர்ல ஆர்டிஓ ஆபீஸ் போகும்போது மட்டும் மிரர் மாட்டுவாங்க பாருங்க, கிட்டத்தட்ட அந்த மாதிரி!

6/
அந்த ரெண்டாவது சீட்டைக் கவனிங்க. விதி கேட்டது, வைத்தார்கள். பந்தயத்தில் யாரும் அதில் உட்காரப் போவதில்லை. விதி இன்னொன்றும் கேட்டது: காருக்கு ரெண்டு ஓட்டுநர். அதையும் வைத்தார்கள், காகிதத்தில்.

7/
1950 ஜூன் 18. பெல்ஜியம் கிராண்ட் பிரியில் டி26சி ஓட்டி ரோசியே 3-வது வருகிறார். அடுத்த சனிக்கிழமை, ஜூன் 24, லெ மானில் அதன் ரெண்டு சீட் வடிவத்தில் ஏறுகிறார். வயது 44. மாற்று ஓட்டுநர் அவருடைய சொந்த மகன் ழான்-லூயி.

8/
சாயங்காலம் தொடங்கிய பந்தயம் ராத்திரி முழுக்க ஓடுகிறது. ரோசியே இறங்கவே இல்லை. விடிகாலை என்ஜினில் ராக்கர் ஷாஃப்ட் கோளாறு. காரை நிறுத்தி, தானே ஸ்பேனர் பிடித்து சரி செய்தார். 40 நிமிடத்துக்கு மேல் போச்சு, முன்னிலையும் போச்சு. மகன் ரெண்டே ரெண்டு சுற்று ஓட்டினார். அந்த இடைவெளியில் அப்பா வாழைப்பழம் சாப்பிட்டார். மறுபடி ஏறிவிட்டார். போகிற வழியில் ஒரு ஆந்தை வந்து மோதிக் கண்ணாடி உடைந்து முகத்தில் ரத்தம் வந்ததாகவும் சொல்வார்கள்.

9/
முடிவு? ரோசியே ஜெயித்தார். 256 சுற்று, 3,465 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 144 கி.மீ. ஒரே சுற்று பின்தங்கி ரெண்டாவது வந்ததும் டால்போதான். அதுவும் போருக்கு முன் கட்டிய ஒற்றை சீட் ரேஸ் காருக்கு ரெண்டு சீட் உடம்பு போட்டது.
அதே வருடம் எட்டாவது வந்த எடி ஹால் தன் பழைய பென்ட்லியில் 24 மணி நேரமும் ஒற்றை ஆளாக ஓட்டினார். அவருடைய மாற்று ஓட்டுநர் காரில் ஏறவே இல்லை.

10/
உலகம் கைதட்டியது. கைதட்ட வேண்டிய விஷயம்தானே? நானும் முதலில் படித்தபோது புல்லரித்துப் போனேன். ஆனால் கதை இன்னும் முடியலைங்க.

11/
1952. அதே லெ மான், அதே டால்போ குடும்பம். இந்த முறை ஓட்டுநர் பியர் லெவெக், வயது 46. மாற்று ஓட்டுநர் ரெனே மார்ஷான் தயாராக நிற்கிறார். லெவெக் அவரிடம் காரைக் கொடுக்கவில்லை. என்ஜினில் ஒரு அதிர்வு, அதைப் பக்குவமாக ஓட்டத் தன்னால்தான் முடியும் என்று நினைத்தார் என்பார்கள்.
'நான் வீட்டுக்குப் போயிட்டா இந்த கேஸை யார் பார்ப்பா?' டாக்டர்களுக்கு ரொம்பப் பழக்கமான வாக்கியம் இது.

12/
ஏறக்குறைய 23 மணி நேரம் தனியாக ஓட்டினார். மெர்சிடிஸ் அணியை விட நாலு சுற்று முன்னிலை. இன்னும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் பாக்கி. என்ஜின் உடைந்தது. முடிந்தது.
களைப்பில் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று ஒரு தரப்பு. கிராங்க்ஷாஃப்டில் ஏற்கெனவே இருந்த கோளாறு என்று இன்னொரு தரப்பு. மெர்சிடிஸ் முதல் ரெண்டு இடத்தையும் அள்ளியது.

13/
யோசிச்சுப் பாருங்க. ரோசியே செய்ததும் லெவெக் செய்ததும் ஒரே காரியம். ஒருத்தர் மாவீரன், இன்னொருத்தர் பிடிவாதக்காரன். வித்தியாசம் முடிவில் மட்டும்தான். முடிவு நல்லா வந்துட்டா, எடுத்த ரிஸ்க் யார் கண்ணுக்கும் தெரியாது. மருத்துவத்திலும் அப்படியே.

14/
இப்ப கொஞ்சம் அறிவியல். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்-கை ஒருங்கிணைப்பைச் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரம் ஆனால் சுமார் 100 மி.கி.க்குச் சமம்.
நம்ம நாட்டில் வண்டி ஓட்டச் சட்ட வரம்பு 30 மி.கி. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

15/
லெ மான் நிர்வாகம் பாடம் கற்றது. 1953 முதல் ஒரு ஓட்டுநருக்கு மொத்தம் 18 மணி நேரம்தான். 1956-ல் அது 14 ஆனது. இன்றைக்கு காருக்கு மூன்று ஓட்டுநர், எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.
லெவெக்கின் முடிவு வேறு. 1952-ல் அவர் ஓட்டியதைப் பார்த்த மெர்சிடிஸ், 1955-ல் 300 எஸ்எல்ஆர் காரைக் கொடுத்தது. அதுவும் கிராண்ட் பிரி காரிலிருந்து பிறந்த ரெண்டு சீட் கார்தான். அந்த லெ மானில் முன்னால் போன காரில் மோதி, கூட்டத்துக்குள் பாய்ந்தது. லெவெக்கோடு 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். அதற்குக் காரணம் தூக்கமின்மை இல்லை, பந்தயம் தொடங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

16/
சரி, என் கதை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, தொடர் டூட்டியில் 30 மணி நேரம் தாண்டியிருக்கும். ரோஸ்டரில் ரெண்டு பேர் பெயர் இருந்தது. வார்டில் இருந்தது நான் மட்டும். ஒரு பாட்டிக்கு இன்சுலின் எழுதினேன். சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார்.
"டாக்டர், இது நாலா, நாப்பதா?"
பார்த்தேன். என் கையெழுத்து, தெளிவா இருந்தது. நாப்பது.

17/
சிஸ்டர் வேறெதுவும் சொல்லவில்லை. நான் திருத்தினேன், அவர் போய்விட்டார். மறுநாள் பாட்டி என் தலையைத் தடவி, "ராப்பகலா கண்ணு முழிச்சு பாத்துக்கிட்டியே சாமி" என்றார். அந்த வார்த்தை இன்னைக்கும் குத்துது. அவரைக் காப்பாத்தினது என் கண்விழிப்பு இல்லை. விழித்திருந்த இன்னொரு ஆள்.

18/
பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசின் 1992 விதி சொல்கிறது. விதி இருக்கிறது. டால்போ காரின் ரெண்டாவது சீட் மாதிரி இருக்கிறது.

19/
அதனால் மூணு விஷயம்:
'36 மணி நேரம் தூங்காம வேலை பார்த்த டாக்டர்' என்ற செய்தியைப் பகிரும் முன், இன்னொரு டாக்டர் ஏன் இல்லை என்று கேளுங்க.
நைட் டூட்டி முடிச்ச டிரைவர், செக்யூரிட்டி, நர்ஸ் உங்க வீட்டில் இருந்தா, வண்டியை எடுக்க விடாம ஒரு மணி நேரமாவது தூங்க வைங்க.
தம்பி, தங்கச்சி ஹவுஸ் சர்ஜன்களே, சந்தேகம் வந்தா சிஸ்டரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. வெட்கமே வேண்டாம்.

20/
ரோசியேவின் கார் அழகான கார்தான். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், மகன் ஓட்டிய அந்த ரெண்டு சுற்று. அப்பா கொஞ்சம் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்ட நேரம்.

நாளைக்கு நைட் டூட்டி. இப்ப தூங்கப் போறேன்.