பழைய வீட்டைப் பெயர்த்து வைக்கலாம்



மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் கல் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோவில் கோபுரமும் தலைகாட்டும். பார்த்திருப்பீங்க. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை அது. ஜனங்கள் மேட்டுக்குப் போனார்கள். இவை அங்கேயே நின்றுவிட்டன.

பிறகு கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை கட்டும்போது, மூழ்க இருந்த பௌத்தக் கட்டடங்கள் சிலவற்றைப் பெயர்த்து மேட்டில் வைத்தார்கள். குடியானவன் வீட்டையும் அப்படி வைக்கலாமா என்றால், வைக்கலாமுங்க. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் போய்ப் பாருங்கள். பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து ஒரு மரவீடே வந்திருக்கிறது.

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளுக்கு என்ன நடக்கிறது? பாகம் பிரிக்கிறோம், இல்லை ரோடு அகலமாகிறது. மரக்கடைக்காரர் தூணுக்கு ஒரு விலை, கதவுக்கு ஒரு விலை சொல்கிறார். தூண் ஒரு ஊருக்கும் கதவு ஒரு ஊருக்கும் போய்விட்டால் வீடு ஏது?

மண்சுவரைத் தூக்கிப் போக முடியாது. அதைப் புதிதாகத்தான் வைக்கணும். ஆனால் தூண், உத்திரம், கைமரம் எல்லாம் கழுந்தும் துளையுமாகப் பூட்டியவை. பூட்டினதைக் கழற்றலாம்.

ஒரு ஓட்டைத் தொடும் முன்னே படம் எடுத்து, வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர்: கிழக்குத் தாழ்வாரம் என்றால் கி-1, கி-2 என்று. சாக்கட்டியில் எழுதினால் ஒரு மழைக்குத் தாங்காது. வெளியே தெரியாத பக்கம் உளியால் வெட்டுங்கள், அல்லது தகரத்தில் பொறித்து அடியுங்கள். அதே நம்பர் வரைபடத்திலும் இருக்கணும். இதில் சோம்பல்பட்டால் எந்தத் தச்சராலும் திரும்பக் கூட்ட முடியாது.

பிரிக்கும்போது முதலில் ஓடு, அப்புறம் ரீப்பர், கைமரம், உத்திரம், கடைசியில் தூண். சுவருக்குள் இருந்த மர முனையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கும். அந்தத் துண்டை மட்டும் அறுத்து ஒட்டு வைக்கலாம்.

புது அஸ்திவாரம் பழைய அளவிலேயே இருக்கணும். முற்றத்தை மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு வாக்கிலும் அளந்து, பழைய இடத்து அளவோடு ஒத்துப்பாருங்கள். ரசமட்டமும் தப்பக்கூடாது. ஒரு விரற்கடை பிசகினாலும் கழுந்து துளையில் இறங்காது. கரையான் மருந்து அடித்த பிறகே கல் பாவுங்கள். தூணைச் சிமெண்டுக்குள் புதைக்காமல், பழையபடி கல்லின் மேலேயே நிறுத்துங்கள்; ஈரம் ஏறாது.