காற்றும் கழிமுகமும் வகுத்த ஊர்

குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. பருவம் அறிந்து பயணம் செய்ததே மக்கத்து வணிகரின் வாழ்வாதாரம். நமது சோழமண்டலக் கடற்கரையிலும் பருவமே ஊர்களை வளர்த்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாற்றின் வடகரையிலுள்ள பரங்கிப்பேட்டை இதற்குச் சான்று.

இக்கடற்கரை நேர்கோடு போன்றது. பெருங்கப்பல்கள் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. அவை கடலிலேயே நங்கூரமிட, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. சிறு கலங்களுக்கு வெள்ளாற்றின் கழிமுகம் புகலிடமானது. ஆகவே ஊரும் ஆற்றையொட்டி வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியர் இதனைப் 'புதிய துறைமுகம்' என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்களிடையே மஹ்மூது பந்தர் என்னும் பெயர் வழங்கிற்று.

ஆசியாவின் உள்நிலம் குளிரில் உறையும்போது, அங்கிருந்து கடலை நோக்கி வடகிழக்குக் காற்று வீசுகிறது. கோடையில் நிலம் சூடேற, காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து வருகிறது. இவ்விரு காற்றுகளையும் கணித்தே மரக்காயர்கள் துணிகளை ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா துறைமுகங்களுக்குச் சென்று திரும்பினர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் இக்கரையை விட்டு விலகின. எங்கோ நிலவிய குளிர், நம் முன்னோரின் நாட்காட்டியை வகுத்தது.

ஊரை வளர்த்த ஆறே முகத்துவாரத்தில் மணலையும் குவித்தது. நீராவிக் கப்பல்களின் காலத்தில் இத்தகைய ஆழமற்ற துறைகள் ஒளியிழந்தன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அருகிலுள்ள பிச்சாவரம் பகுதியில், அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாயிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவும் அடைக்கலமும் அளித்தனர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2015இல் பெருவெள்ளமும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கின.

முன்னோர் காற்றுக்குக் காத்திருந்தனர். ஆற்றுக்கு இடம் விட்டனர். நாமோ வாய்க்காலைத் தூர்த்து வீடு கட்டிவிட்டு, வெள்ளம் வந்தபின் விதியை நோகிறோம். பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நீர் செல்லும் வழியை விட்டுவைப்பதும், அலையாத்தி மரங்களைக் காப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும். நம் பிள்ளைகளுக்கு வீட்டைச் சேர்த்துவைப்பதற்கு முன், அது நிற்கும் நிலத்தின் குணத்தைச் சொல்லிவைப்போம்.