மண் சுவாமிக்கு, வீடு குடிக்கு

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியில் தேனபிஷேகம் நிகழும் வேளையில், தேன் வழிந்திறங்கும் லிங்கத் திருமேனியில் அம்மையும் அப்பனும் ஓருருவாகக் காட்சி தருவர் என்பது பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுள்ள நம்பிக்கை. ஓருடலில் இருவர் சரிபாதி கொண்டிருக்கும் அந்தக் கோலத்தை எண்ணும்போதெல்லாம், தமிழகத்துக் கோயிலூர்களில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு லௌகிக ஏற்பாடும் என் மனத்தில் எழுகிறது. அடிமனை சுவாமிக்கு, அதன்மேல் எழும்பிய வீடு குடியிருப்பவருக்கு. இருவர் பாத்தியதையும் ஒரே இடத்தில் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கின்றன.

இந்தப் பிணைப்பு நேற்று உண்டானதன்று. மலையமான்கள் ஆண்ட மலாடும் அதனைச் சூழ்ந்த நடுநாடும் உள்ளிட்ட தமிழ்நாடெங்கும், கோயிலுக்குத் தேவதானமாக நிலம் விடப்பட்டபோது, மேலுரிமையாகிய மீயாட்சி ஒருவரிடமும் உழுது பயன்கொள்ளும் காராண்மை மற்றொருவரிடமும் இருக்கக் கூடும் என்பதைப் பண்டைச் சாசனங்கள் தெளிவாக உணர்ந்திருந்தன. பிற்காலத்தார் மேல்வாரம், குடிவாரம் என்று வழங்கியதும் இத்தகைய பாகுபாட்டையே. அச்சாசனங்களில் காலவரையறை என்பது ஆண்டுக்கணக்காக இராமல், ‘சந்திராதித்தவல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். சந்திரனும் சூரியனும் உள்ளளவும் செல்லும் தர்மத்துக்குப் புதுப்பித்தல் என்ற பேச்சே இல்லை.

கும்பினி ஆட்சி வந்தபின் இந்தச் சாசுவதத்துக்குக் கணக்கு வந்தது. 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷன் கோயில் சொத்துகளை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1863-இல் சர்க்கார் அப்பொறுப்பினின்றும் விலகிக்கொள்ள, பரிபாலனம் தர்மகர்த்தர்கள் கைக்குச் சென்றது. ஏதோ ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, என்றும் ஏறாத வாடகைக்குச் சுவாமியின் நிலத்தை நிரந்தரக் குத்தகையாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் பெருகிற்று. தக்க அவசியமின்றி அவ்வாறு எழுதிக்கொடுப்பது தர்மகர்த்தரின் கடமைக்கு விரோதம் என்று 1917-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தெய்வம் சட்டத்தின் பார்வையில் மைனரைப் போன்றது. தன் சொத்துக்காகத் தானே வாதாட இயலாத அந்த மைனரின் நலத்தை இன்றைய நிர்வாகி நாளைய தலைமுறைக்கும் சேர்த்துக் கைவிட்டுவிடலாகாது என்பதே இக்கொள்கையின் சாரம். அதன் வழியிலேயே 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும் என்று 34-ஆம் பிரிவில் விதித்தது.

ஆனால் வீடு கட்டியவனின் கதி என்ன? சென்னைப் பட்டணத்தில் பிறர் மனையில் தம் செலவில் வீடெழுப்பியவர்களை, நிலத்தின் விலை ஏறியவுடன் உடையவர்கள் வெளியேற்றத் தொடங்கிய காலத்தில், 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வெளியேற்றுவதானால் கட்டடத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அன்றி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு மனையைத் தமக்கே விற்குமாறு குடியிருப்பவர் கோரலாம். கோயில் மனைகள் இந்த ஏற்பாட்டினால் கைமாறலாயின. ஆகவே 1996-இல் ஒரு திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிற்று. அன்றுமுதல் கோயில் மனையில் குடியிருப்பவருக்குக் குத்தகையைக் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொள்வதே பிடிமானமாயிற்று.

இதே சிக்கலை இங்கிலாந்து வேறுவிதமாகத் தீர்த்தது. அங்கே அடுக்குமாடி வீடு வாங்குவோர் பெரும்பாலும் வாங்குவது குறித்த ஆண்டுகளுக்கான குத்தகையையே. ஆண்டு குறையக் குறைய வீட்டின் மதிப்பும் குறைந்து, இறுதியில் அடமானக் கடனும் கிடைக்காமற் போகும். 1993-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய ஈட்டுத் தொகை கொடுத்தால் எஞ்சிய காலத்தோடு மேலும் 90 ஆண்டு சேர்த்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. நீட்டித்த காலத்துக்கு நில வாடகை ஒரே ஒரு மிளகுமணி! ஒருகாலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய மிளகு, வாடகை இல்லையென்பதைக் குறிக்கும் சட்டச்சொல்லாக அங்கே நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் நம்மவர் பலர் வாழும் வீடமைப்புக் கழக வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகையே.

இங்கிலாந்தில் நில உடையவர் பெரும்பாலும் தனவந்தர். இங்குள்ள உடையவரோ, சுவாமி. ஒரு மிளகுமணி வாடகை அங்கே நியாயமாகலாம்; இங்கே அவ்வாடகையிலிருந்துதான் சந்நிதி விளக்குக்கு எண்ணெயும் நைவேத்தியத்துக்கு அரிசியும் வரவேண்டும். எனினும் குடியிருப்பவரின் குறையும் மெய்யானதே. இத்தகைய வீடொன்றின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், பசலி ஆண்டு குறித்து, ஓரம் செல்லரித்து, பாட்டனார் பெயரிலேயே நின்றுபோன ரசீதொன்று அடியில் மடித்துக் கிடக்கும். பெயர் மாற்றம் செய்யாமல், கால நீட்டிப்பும் கேட்காமல் இரண்டு தலைமுறை கழிந்திருக்கும். பேரன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாளில், சட்டம் அவனை ஆக்கிரமிப்பாளன் என்று அழைக்கும்.

சந்திராதித்தர் உள்ளளவும் என்ற வாக்குறுதி இருதரப்புக்கும் உரியது. கோயில் நிர்வாகம் நியாயமான வாடகையை நிர்ணயித்து, நீட்டிப்பு விண்ணப்பத்தைத் தேங்கவிடாமல் தீர்க்க வேண்டும். குடியிருப்பவர் அவ்வாடகையைத் தவறாது செலுத்த வேண்டும். கோயில் மனையில் வாழும் அன்பர்கள் இன்றே தங்கள் குத்தகைப் பத்திரத்தை எடுத்து, அதன் கடைசித் தேதியையும் அதில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.